மரை கழண்ட கதை

போன மாதம் நம் இதழின் எடிட்டர் என்னை மெஸ்ஸில் வைத்துப் பிடித்தான். "மச்சி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சைக்கிள் ரைடு போறீங்கல்ல, அதுல நடந்த காமெடியெல்லாம் சேத்து ஒரு கட்டுரை குடு. படிச்சா சிரிக்கணும், அவ்ளோதான்" என்றான்.

எனக்குத் தமிழில் எழுதிப் பழக்கம் கிடையாது. எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ் செகண்ட் லாங்குவேஜ். பிளஸ் டூவோட அதுவும் முடிந்தது. ஒற்று எங்கே வரும் என்பது எனக்கு இன்னிக்கும் குத்துமதிப்புதான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஏன்னா கதைகள் இருந்தன. பஞ்சர், செயின் கழண்டது, பிரேக் ஒயர் அறுந்தது மாதிரி எல்லாருக்கும் நடக்கிற சமாச்சாரம் இல்லை. போற வழியில் திடீர்னு இப்படியெல்லாம்கூட ஒரு சைக்கிள் காலை வாருமான்னு கேட்க வைக்கிற கதைகள். மூன்று இருந்தன. மூன்றில் இரண்டை எழுதிவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். அதனால்தான் போன இதழில் இந்தக் கட்டுரை வரவில்லை. எடிட்டர் மன்னிக்கவும்.

முதல் கதை. மூன்றாம் வருஷம், டிசம்பர். விடிகாலை ஐந்தே முக்கால். நாலு பேர், நாலு கியர் சைக்கிள். எங்கள் வழக்கமான ரூட் உங்களில் பல பேருக்குத் தெரியும். நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், அங்கிருந்து கல்லணை ரோடு. கொள்ளிடம் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது என் பெடல் திடீரென்று லேசாகிவிட்டது. செயின் அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். செயின் இருக்கிறது. பின்னால் பல்சக்கரம் சுற்றுகிறது. வீல் மட்டும் சுற்றவில்லை. முன்னாடி மிதித்தாலும் பின்னாடி மிதித்தாலும் ஒரே மாதிரி சர்ருனு சுற்றுகிறது, ஃபேன் மாதிரி. சைக்கிள் மெதுவாகி மெதுவாகி நின்றேவிட்டது. நான் மட்டும் ஜிம்மில் மிதிப்பது போல மிதித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்தவன்கள் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்கள்.

நடந்தது இதுதான். ப்ரீவீலுக்குள்ளே சின்னதாக இரண்டு கொக்கிகள் இருக்கும். தலைமுடி போல மெல்லிய ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். முன்னோக்கி மிதித்தால் கொக்கி பல்லில் மாட்டி வீலை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பல்லின் மேல் வழுக்கிப் போகும். சைக்கிளை உருட்டும்போது கேட்கிற டிக் டிக் சத்தம் அதுதான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே மெஷின் ஷாப்பிலிருந்து கொஞ்சம் கெட்டி கிரீஸ் கொண்டுவந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்து, இடுக்கு வழியாக உள்ளே ஏற்றினேன். சத்தம் நின்றது. எனக்கு ஒரே பெருமை. இரண்டு மாதத்தில் கிரீஸும் தூசியும் சேர்ந்து பசையாகி, கொக்கிகள் உள்ளே ஒட்டிக்கொண்டன. அங்கே சொட்டு எண்ணெய்தான் விடணும், கெட்டி கிரீஸ் வைக்கக் கூடாதுன்னு எந்த சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரியும். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிற எனக்குத் தெரியவில்லை.

பாலத்து ஓரத்தில் கட்டுக்கம்பி கிடந்தது. பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தின் ஓட்டைகள் வழியாகக் கம்பியை விட்டு, போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து மூன்று இடத்தில் முறுக்கினேன். இப்போது மிதித்தால் வீல் சுற்றும். ஆனால் வீல் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். காலை நிறுத்தவே முடியாது. பாலத்தின் இறக்கத்தில் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஓடின. திருவானைக்காவல் சைக்கிள் கடை வரைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தேன். கடைக்கார அண்ணன் கட்டுக்கம்பியைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அதைவிடப் பெரிய அவார்டு எனக்கு இதுவரை வந்ததில்லை. அப்புறம் ப்ரீவீல் மூடியைத் திறக்க சுத்தியலும் மொட்டை உளியும் எடுத்தார். நான் எந்தப் பக்கம் அடிப்பார் என்று பார்த்தேன். நட்டைக் கழற்ற நாம் இடப்பக்கம்தானே திருகுவோம். அவர் வலப்பக்கம் அடித்தார். "இது லெப்ட் மரை தம்பி. சைக்கிள்ல அங்கங்க இருக்கும். பாத்துக்க" என்றார். மண்ணெண்ணெயில் கழுவினதும் டிக் டிக் திரும்ப வந்தது.

"அங்கங்க இருக்கும். பாத்துக்க." இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதை சின்னது. எங்களில் ஒருத்தனுக்கு உத்தமர்சீலி தாண்டி சீட் போல்ட் பட்டென்று உடைந்தது. சீட் ரோட்டில் உருண்டது. அவன் மொட்டைக் குழாய்க்கு மேலே, உட்கார முடியாத ஒரு உயரத்தில், உயிர் பயத்தோடு நின்றுகொண்டே 8 கிலோமீட்டர் மிதித்தான். டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர், "ஏம்பா, உக்காந்து ஓட்ட மாட்டியா?" என்று கேட்டார். இவன் கையிலிருந்த சீட்டைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்த உடைந்த போல்ட்டை நான் விடவில்லை. உடைந்த முகத்தைப் பார்த்ததும் புல்லரித்தது. பாதி வழவழப்பாக, கடற்கரையில் அலை வந்து போன தடம் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். மீதி சொரசொரப்பு. புத்தகத்தில் பார்த்த அதே படம். ஃபெட்டீக் ஃபெயிலியர். ஒரே தடவையில் உடையாத ஒரு சுமையை லட்சம் தடவை ஏற்றி இறக்கினால் உடையும். முதலில் ஒரு நுண்ணிய விரிசல், அது ஒவ்வொரு தடவையும் ஒரு துளி நகரும், கடைசியில் மிச்சமிருக்கிற இரும்பு தாங்காமல் ஒரே நொடியில் போகும். 1842-ல் பிரான்ஸில் வெர்சாய் பக்கத்தில் ஒரு ரயில் எஞ்சினின் அச்சு இப்படித்தான் முறிந்து பெரிய விபத்து. அதற்கப்புறம் ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை வருஷக்கணக்கில் சுழற்றிச் சுழற்றி சோதித்துத்தான் நாம் எக்ஸாமுக்கு வரைகிற எஸ்-என் வளைகோடே வந்தது. இதையெல்லாம் ரூமில் எல்லாருக்கும் போல்ட்டைக் காட்டிக் காட்டி விளக்கினேன். அன்றிலிருந்து கேங்கில் எது உடைந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் பார்த்து "ஃபெட்டீக்" என்று சொன்னால் ஃபெட்டீக். மறுபேச்சு கிடையாது.

இதுவரைக்கும் ஒரே இரவில் எழுதிவிட்டேன். மூன்றாவது கதைக்கு வந்தேன். "அன்று என் ரூம்மேட்டின் பெடல் உடைந்தது" என்று டைப் செய்தேன். அந்த வரியில் மூன்று நாள் நின்றேன்.

ஏனென்றால் பெடல் உடையவில்லை.

ரூம்மேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ஊர் அரியலூர் பக்கம். காலேஜ் வாலிபால் டீமில் செட்டர். மூன்று வருஷமாக பெஞ்சில் உட்கார்ந்து, ஃபைனல் இயரில்தான் முதல் ஆறில் இடம் கிடைத்தது. பாஸான ஒரு சீனியரிடம் 4,500 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தான். அதன் பிளாஸ்டிக் பெடல் தேய்ந்து வழுக்கும். செப்டம்பரில் அவன் பிறந்தநாள். நாங்கள் மூன்று பேர் காசு போட்டு அலாய் பெடல் ஜோடி ஒன்று ஆன்லைனில் வாங்கினோம். கடையில் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை, ஐம்பது ரூபாய் ஆகியிருக்கும். நான்தான் நானே மாட்டுகிறேன் என்றேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் என்கிற வீரரின் சைக்கிள் ஃபோர்க் மலை இறக்கத்தில் முறிந்துபோனது. ரேஸ் விதிப்படி யாரும் உதவக் கூடாது. சைக்கிளைச் சுமந்துகொண்டே மலையிறங்கி, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே நெருப்பில் வைத்து ஃபோர்க்கை ஒட்டினார். துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் உதவினான் என்று அதற்கும் தண்டனை நேரம் போட்டார்கள். இந்தக் கதையைப் படித்ததிலிருந்து எனக்குப் பைத்தியம். கட்டுக்கம்பி சம்பவத்துக்கப்புறம் நானும் கிட்டத்தட்ட கிறிஸ்டோஃப்தான் என்று நினைப்பு. மரை கழண்டவன் என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை.

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் வராண்டா. பர்த்டே பையன் தூங்கிவிட்டான். காலையில் சர்ப்ரைஸ். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெடல் அச்சில் ஒன்றில் எல் என்றும் மற்றதில் ஆர் என்றும் பொறித்திருக்கும். இடது, வலது. நான் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். ஆனால் சைக்கிள் தலைகீழாக இருக்கிறது, நான் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என் இடது கைப் பக்கம் இருந்ததை இடது என்று எடுத்துக்கொண்டேன். அது வலது. அதாவது, ஆர் பெடலை இடது கிராங்கில் வைத்துத் திருகினேன். ஒரு சுற்று போனது. அப்புறம் இறுகிக்கொண்டது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று 15 எம்.எம். ஸ்பேனரைப் போட்டேன். நகரவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி, நீளம் கூட்டி, ஏறி அமுக்கினேன். நகர்ந்தது. கிர்ர் கிர்ர் என்று சத்தத்தோடு உள்ளே போனது. எல் பெடலை அடுத்த பக்கம் வைத்தேன். "லெப்ட் மரை, அங்கங்க இருக்கும்" என்று கடைக்கார அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அதை ஞாபகம் வைத்திருந்ததற்கு என்னை நானே பாராட்டிக்கொண்டு, அதை இடப்பக்கமாகத் திருகி, அதே குழாயைப் போட்டு, அதையும் ஏற்றினேன்.

கீழே தரையில் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னச் சுருள்கள் கிடந்தன.

இந்த இடத்தில் நான் உங்களிடம் பொய் சொல்ல முடியாது. நம் எல்லாருக்கும் முதல் வருஷ ஒர்க்‌ஷாப் இருக்கிறது. டேப் போட்டு மரை வெட்டியிருக்கிறோம். உலோகச் சுருள் விழுந்தால், அங்கே எதையோ வெட்டுகிறோம் என்று அர்த்தம். பெடல் அச்சு ஸ்டீல், கிராங்க் அலுமினியம். அலுமினியத்தில் ஏற்கனவே இருந்த மரையை ஸ்டீல் சீவிக்கொண்டு போயிருக்கிறது. நான் அந்தச் சுருளைப் பார்த்தேன். ஒரு நொடி வயிற்றில் என்னவோ செய்தது. தூக்கம் வந்தது. காலால் அதைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

இடது பெடலுக்கு மட்டும் எதற்கு எதிர்மரை? நாம் மிதிக்கும் சுமை எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்கிறது, கிராங்க் மட்டும் சுற்றுகிறது. அதனால் பெடல் அச்சு தன் ஓட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உருண்டுகொண்டே இருக்கும். இப்போதே ஒரு பென்சிலை எடுத்து முஷ்டிக்குள் தளர்வாகப் பிடியுங்கள். வெளியே நீட்டியிருக்கும் நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். முஷ்டிக்குள் பென்சில் நீங்கள் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் தானே உருளும். அந்த உருளல்தான். வலது பக்கத்தில் அது சாதாரண மரையை இறுக்கும், இடது பக்கத்தில் அதே சாதாரண மரையைக் கழற்றும். ஆகவே இடது பக்கத்துக்கு இடம்புரி. விமானத்துக்கு முன்னாடி சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1900-ல் தங்கள் சைக்கிளுக்குச் செய்த விளம்பரத்தில் ஒன்று, கழன்று விழாத பெடல் என்பது. அதற்கு முன்னால் ஒரு பக்கத்துப் பெடல் விழுந்துகொண்டே இருக்குமாம். (சங்கில் வலம்புரிதான் அபூர்வம். மரையில் இடம்புரிதான் அபூர்வம். சும்மா தோன்றியது.)

ஆக, நான் மாற்றி மாட்டியதில் இரண்டு பக்கமும் மிதிக்க மிதிக்கக் கழலும். நிமிஷத்துக்கு 60 சுற்று என்றால் 100 நிமிஷத்தில் 6,000 சுற்று. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஞாயிறு காலை அவன் பெடலைப் பார்த்துவிட்டுக் குதித்தான். கல்லணை போய்ச் சேர்ந்து, பாலத்துப் பக்கத்தில் மீன் வறுவல் கடைகள் இன்னும் திறக்காத நேரத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது அவன் சொன்னான்: "லெப்ட் பெடல் லேசா ஆடுற மாதிரி இருக்குடா."

நான் சொன்னேன்: "புதுசுல்ல. ஓட்ட ஓட்ட செட் ஆயிரும்."

ஸ்பேனர் என் பையில் இருந்தது.

திரும்பும்போது கிளிக்கூடு தாண்டி வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ரோடு நேராகப் போகும். அங்கே வழக்கமாக ரேஸ் விடுவோம். அவன் எழுந்து நின்று மிதித்தான். எனக்குப் பத்து மீட்டர் முன்னால் இருந்தான். முழு எடையும் இடது காலில் இறங்கிய நொடியில் பெடல் கிராங்கை விட்டு வெளியே வந்தது. கால் அப்படியே தார் ரோட்டில் இறங்கியது. சைக்கிள் வலப்பக்கம் போனது, அவன் இடது தோளில் விழுந்தான். ஒரு சத்தம் கேட்டது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

வாழைத்தார் ஏற்றி வந்த டாடா ஏஸ்காரர் நிறுத்தினார். அவனை முன்னால் உட்கார வைத்தார். நானும் இரண்டு சைக்கிளும் பின்னால் தார்களுக்கு மேலே. ஏறுவதற்கு முன்னால் ரோட்டில் கிடந்த பெடலைத் தேடி எடுத்தேன். மரைப் பள்ளங்கள் முழுக்க அலுமினியம் அப்பியிருந்தது. அச்சில் ஆர் என்ற எழுத்து. அதைப் பையின் அடியில், ரெயின்கோட்டுக்குக் கீழே வைத்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன்பே வைத்தேன்.

காரை எலும்பு முறிவு. ஆபரேஷன் வேண்டாம், கையைத் தொட்டில் கட்டி ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஸோனல் மேட்சுக்கு 19 நாள் இருந்தது.

மத்தியானம் அவன் அம்மா அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கையில் ஒரு தூக்குவாளி. "எப்படி தம்பி ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

"பெடல் உடைஞ்சிருச்சும்மா."

கேங்கில் கேட்டார்கள். "ஃபெட்டீக்டா" என்றேன். ஒருத்தன்கூட உடைந்த துண்டைக் காட்டு என்று கேட்கவில்லை. சீட் போல்ட்டில் அலைத் தடத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான்தானே.

அடுத்த வாரம் சைக்கிளை நான் மட்டும் தனியாகத் திருவானைக்காவல் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அண்ணன் இடது கிராங்க் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். வலது பெடலைப் பிடித்து ஆட்டினார். "இதுவும் இன்னும் ரெண்டு நாள்ல வந்திருக்கும். யாரு ஏத்துனது இத?" என்றார். தெரியலண்ணே, பழைய சைக்கிள் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்த்தார். புது கிராங்க், புது பெடல், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். நானே கொடுத்தேன். ரூமுக்கு வந்து சொன்னதும் அவன் கண் கலங்கி, "உன்ன மாதிரி எவன்டா செய்வான்" என்றான்.

அந்த வாக்கியம்தான் ஆறு மாசமாக என் கூடவே இருக்கிறது.

ஸோனலுக்கு நானும் போனேன். அவன் தொட்டில் கட்டிய கையோடு, ஒரு கையால் டீமுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் ஒரு செகண்ட் இயர் பையன் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். இரண்டாவது ரவுண்டில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு வந்தான். அவன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா, அது யாருக்கும் தெரியாது. அவன் ஆடியிருப்பான்.

இப்போது அந்த டிராஃப்டுக்கு வருகிறேன். லேப் ரெக்கார்டில் நாம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் செயப்பாட்டு வினையில் எழுதிப் பழகியிருக்கிறோம். எதுவும் தானே நடக்கும், செய்தவன் எங்கேயும் இருக்க மாட்டான். இங்கிலீஷில் எழுதியிருந்தால் இதையும் தாண்டிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தமிழிலும் தாண்டலாம். உடைந்தது என்று எழுதலாம், கழண்டது என்றுகூட எழுதலாம். ஆனால் எனக்குத் தமிழில் சரளம் கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் டைப் செய்வேன். "உடைஞ்சிருச்சு" என்று சொல்லிப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் அம்மாவிடம் சொன்ன அதே குரல் கேட்டது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அலமாரியில் ரெக்கார்டு நோட்டுகளுக்குப் பின்னால் இருந்த பெடலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அவன் அங்கே போன் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும் வரை நின்றேன். பெடலைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் போட்டது, சுருளைக் காலால் தள்ளியது, கடைக்காரரிடம் சொன்ன பொய். அவன் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆர் எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான்.

"கல்லணையில நான் கேட்டப்ப உனக்குத் தெரியுமா?"

நான் அவனிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். தெரியாது என்றால் நம்பியிருப்பான்.

"சந்தேகம் இருந்துச்சு" என்றேன்.

அவன் பெடலைச் சுவர் மேல் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டான். பத்து நாள் பேசவில்லை. ஒரே ரூம், இரண்டு கட்டில், நடுவில் நாலடி. மெஸ்ஸில் வேறு டேபிள். லைட்டை அணைப்பதா வேண்டாமா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினோராவது நாள் ராத்திரி இருட்டில் அவன் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அம்மாட்ட யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் போன் போட்டேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அவர்கள் சொன்னார்கள்: "அந்தப் பெடலு செஞ்சவன் வெளங்குவானான்னு ஆறு மாசமா தெனமும் திட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. அம்புட்டும் உனக்கா வந்து சேந்துச்சு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆமாம்மா என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன உன்ன அடிச்சா போட்டிருப்பேன்" என்றார்கள். குரலில் கோபம் இருந்தது. "வச்சிர்றேன் தம்பி, அடுப்புல வேலையிருக்கு." வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் அவனுக்குப் போன் செய்தால் என்னிடமும் இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

இந்தக் கட்டுரையை அவனிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். முழுசாகப் படித்தான். "பேரு போடாத" என்றான். போடவில்லை. "ரேஸ்ல நான் முன்னாடி போயிட்டிருந்தேன்னு மட்டும் தெளிவா போடு." பத்து மீட்டர் என்று மேலே போட்டிருக்கிறேன். அவன் பதினைந்து என்கிறான்.

போன ஞாயிறு மறுபடி கிளம்பினோம். அவன் இப்போது சொந்தமாக ஒரு 15 எம்.எம். ஸ்பேனர் வாங்கி வைத்திருக்கிறான். கிளம்பும் முன்னால் குனிந்து இடது பெடலை ஒரு இழுப்பு, வலது பெடலை ஒரு இழுப்பு, இறுக்கிப் பார்த்தான். அப்புறம் என் சைக்கிளுக்கும் வந்து அதையே செய்தான். இன்னும் இருட்டாக இருந்தது. டார்ச்சை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.